கூலிக்கு வந்த கை

சில மாதங்களுக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் இலக்கியக் கூட்டம். 'நாவல்களில் குடும்பம்' என்பது பொருள். என்னைத் தலைமை வகிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பேச வந்தவர்களில் ஒருவர் வயதில் பெரியவர், படித்தவர், நல்ல சாரீரம். நாவல்களை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டுக் குடும்பத்துக்கு வந்துவிட்டார்.

"அந்தக் காலத்தில் பெற்ற தாயைப் பார்த்துக்கொள்ள எவனாவது ஆள் வைத்தானா? இன்றைக்கு மாதச் சம்பளத்துக்கு ஒருத்தியைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, மகன் தன் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறான். கூலிக்கு ஆள் கிடைக்கும், ஐயா! கூலிக்கு அன்பு கிடைக்குமா?" என்று கேட்டு மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார்.

சபை கைதட்டியது. தலைவர் நாற்காலியில் இருந்த நானும் தட்டினேன்.

கூட்டம் முடிந்து பஸ் ஏறினேன். ராஜபாளையத்துக்கு அரை மணிப் பயணம்தான். அதற்குள் அந்தக் கைதட்டல் என்னை உறுத்த ஆரம்பித்துவிட்டது. என் பெரியம்மாவின் நினைவும், அவளைப் பார்த்துக்கொள்ளக் கூலிக்கு வந்த ஒருவரின் நினைவும் சேர்ந்துகொண்டு என்னைப் பாடாய்ப் படுத்தின. இதை எழுதித் தொலைக்காமல் எனக்கு நிம்மதி வராது.

அந்தப் பெரியவரை நான் பழிக்கப் போவதில்லை. நம் வீட்டுக் கூடத்தில் நாம் எல்லோரும் சொல்வதைத்தான் அவர் மேடையில் சொன்னார். ஆகவே இந்தச் சண்டை அவரோடு மட்டும் இல்லை, உங்களோடும் என்னோடும்தான்.

என் கட்சி இதுதான்: நோயில் விழுந்த முதியவர்களைப் பார்த்துக்கொள்வது ஒரு தொழில். கற்றுக்கொள்ள வேண்டிய தொழில். அன்பு இருந்தால் போதும், தானாக வந்துவிடும் என்பது பொய். அந்தத் தொழிலைச் சேவை என்றும் புண்ணியம் என்றும் நாம் வாயார அழைப்பதெல்லாம் கூலியைக் குறைப்பதற்காக நாம் கண்டுபிடித்து வைத்திருக்கும் தந்திரம்.

முதலில் அந்த 'அந்தக் கால'த்தைக் கொஞ்சம் விசாரிப்போம். அந்தக் காலத்தில் கிழவியைப் பார்த்துக்கொண்டது யார்? மகனா? மகன் வயலுக்குப் போனான், மில்லுக்குப் போனான், கச்சேரிக்குப் போனான். சாயங்காலம் வந்து கட்டிலருகே நின்று, "சாப்பிட்டாளா?" என்று கேட்டான். சாப்பாடு ஊட்டியது மருமகள். துணி அலசியது மருமகள். மருமகளுக்கு முடியாமல் போனால், தாலி அறுத்து வீட்டோடு வந்துவிட்ட நாத்தனார். அவளும் இல்லையென்றால் கல்யாணமாகாத பெண். கூட்டுக் குடும்பம் பார்த்துக்கொண்டது என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தக் குடும்பத்தில் எத்தனை ஜோடிக் கைகள் இருந்தாலும் பீத்துணி அலசிய கைகள் இரண்டே இரண்டுதான். அந்த இரண்டு கைகளுக்கும் கூலி கிடையாது, ஓய்வு கிடையாது, முடியாது என்று சொல்லும் உரிமையும் கிடையாது. இத்தனை காலமும் சும்மா வாங்கிக்கொண்டிருந்த வேலைக்கு இப்போது ஒருவர் வந்து கூலி கேட்கிறார். நமக்குக் கோபம் வருகிறது. கோபத்துக்கு ஒரு கௌரவமான பெயர் வேண்டுமே! 'அன்பு போய்விட்டது' என்கிறோம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் தாய் சிறு வயதிலேயே போய்விட்டாள். என்னை வளர்த்தவள் ராஜபாளையத்துப் பெரியம்மா. பெரியப்பா அங்கே நூல் மில்லில் வேலை பார்த்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை, நான்தான் குழந்தை. பெரியப்பா காலமான சில வருஷங்களுக்குப் பிறகு பெரியம்மாவுக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பில் பால் பொங்கியது. பிறகு வீட்டுச் சாவி அரிசிப் பானையில் கிடைத்தது. பிறகு ஒரு நாள், தென்காசி ரோட்டில் இரவு எட்டு மணிக்கு, மில்லில் ஷிப்டு விடும் நேரமாயிற்று என்று பெரியப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தாள். அவர் இறந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"வயசாச்சுல்ல, அப்படித்தான்" என்றார்கள் தெருவில். சிலர் வேறு வார்த்தையும் சொன்னார்கள். அதை எழுத எனக்கு மனமில்லை.

இது வயதின் குணம் அல்ல, நோய். டாக்டர்கள் 'டிமென்ஷியா' என்கிறார்கள். தமிழில் முதுமை மறதி என்று சொல்லிவருகிறோம். இதில் அதிகமாகக் காணப்படும் வகைக்கு அல்சைமர் நோய் என்று பெயர். அலோயிஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய டாக்டர், 1901-ல் பிராங்க்பர்ட் நகரத்து ஆஸ்பத்திரியில் 51 வயதுப் பெண்மணி ஒருவரைப் பார்த்தார். அந்த அம்மாள் 1906-ல் இறந்தபின் அவருடைய மூளையைச் சோதித்து, அதில் கண்ட மாறுதல்களை அந்த வருஷமே டாக்டர்கள் கூடிய ஒரு சபையில் விவரித்தார். 51 வயது என்பதைக் கவனியுங்கள். வயதானால் நோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது. அதனால் வயதும் நோயும் ஒன்றாகிவிடாது. நம் தேசத்தில் 60 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு 7.4 பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. மருந்து இல்லாத நோய்க்கு மனிதக் கைதான் மருந்து. அந்தக் கை யாருடையது என்பதுதான் கேள்வி.

முதல் எட்டு மாதம் அது என் கையாக இருந்தது. "அவர் எங்கேடா, இன்னும் வரலையே?" என்று பெரியம்மா கேட்பாள். "பெரியப்பா செத்துப் போயிட்டாரு பெரியம்மா" என்று நான் உள்ளதைச் சொல்வேன். அவள் அப்போதுதான் கேள்விப்படுகிறவளைப் போல மாரில் அடித்துக்கொண்டு அழுவாள். அரை மணி கழித்து மறுபடியும் கேட்பாள். மறுபடியும் உண்மையைச் சொல்வேன். நான் சத்தியவானாம்! ஒரே நாளில் ஒரு ஸ்திரீயை எத்தனை தடவை விதவையாக்கினேன் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

பிறகுதான் ஓர் ஏஜென்சி மூலமாக அந்த அம்மாள் வந்தார். நாற்பது வயது இருக்கும். பத்து வருஷம் ஆஸ்பத்திரி வார்டுகளில் நர்ஸிங் உதவியாளராக ஒப்பந்தக் கூலிக்கு வேலை பார்த்தவர். அவர் என்னிடம் சொன்ன முதல் புத்திமதி இது:

"செத்துப் போனாகன்னு சொல்லாதீக சார். பொய்யும் சொல்ல வேணாம். 'பெரியப்பாவுக்கு என்ன குழம்பு பிடிக்கும்?'னு கேளுங்க. ஆச்சியே பேசிக்கிட்டு இருப்பாக."

கேட்டேன். பெரியம்மா கருவாட்டுக் குழம்பு வைக்கும் விதத்தைக் கால் மணி நேரம் சொன்னாள். சொல்லிச் சிரித்தாள். எட்டு மாதமாக என் அன்பு செய்யாததைக் கூலிக்கு வந்த ஒரு வாக்கியம் செய்தது.

அந்த அம்மாளிடம் நான் கண்ட வேலைத் திறமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் 'ஆயா வேலையில் என்ன இருக்கிறது?' என்று கேட்பவர்கள் நம்மில் அதிகம். பெரியம்மாவிடம் பேசும்போது பின்னாலிருந்து தொடமாட்டார். முன்னால் வந்து, கண்ணுக்கு நேராகக் குனிந்து, முறை சொல்லி அழைத்த பிறகே கையைப் பிடிப்பார். படுத்திருக்கும்போது ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார். நிமிர்த்தி உட்கார வைத்து, சின்னக் கரண்டியால் ஊட்டி, தொண்டை அசைந்து விழுங்கியதைப் பார்த்துத்தான் அடுத்த கரண்டி. சாப்பிட்டபின் அரை மணி சாய விடமாட்டார். உணவு புரையேறி நெஞ்சுக்குள் போனால் அதுவே நிமோனியாவாகி ஆளைக் கொண்டுபோய்விடும் என்பது அவருக்குத் தெரியும். ராத்திரியில் இரண்டு மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பார். மாற்றும்போது முதுகெலும்பின் அடி, இடுப்பு எலும்பு, குதிகால் இவற்றை டார்ச் அடித்துப் பார்ப்பார்.

ஒருநாள் பெரியம்மா திடீரென்று வெறி வந்தவளைப் போலக் கத்தினாள், என்னைக் கடித்தாள். நோய் முற்றிவிட்டது என்று நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாள் துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது அந்த நோயில்ல சார். மூத்திரத்துல கிருமி இருக்கும். டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அப்படியே இருந்தது. நான்கு நாள் மருந்தில் பெரியம்மா பழைய நிலைக்கு வந்தாள். அந்த நான்கு நாளும் வார்டில் எனக்கு நாற்காலி போட்டார்கள். நோயைக் கண்டுபிடித்தவர் நின்றுகொண்டிருந்தார். உதவியாட்கள் உட்காரக் கூடாது என்பது அங்கே சட்டமாம்.

நமது தமிழைப் பாருங்கள். டாக்டர் வந்தார், நர்ஸம்மா வந்தார்கள், ஆயா வந்தாள். இந்த இலக்கணத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை, தாய்ப்பாலோடு குடித்திருக்கிறோம். ஒன்பது நாள் வரையில் நான் அவருடைய பெயரைக் கேட்கவில்லை. "ஏம்மா" என்றே கூப்பிட்டிருக்கிறேன். பத்தாம் நாள் கேட்டதும், ஏஜென்சிக்காரர்கள் ஏதேனும் புகாருக்காகக் கேட்கச் சொன்னார்களோ என்று பயந்துவிட்டார். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் இன்னும் நாலு வீட்டில் வேலை தேட வேண்டியவர்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

பெரியம்மாவுக்குக் குளியல் என்றால் பயம். அதிலும் தலையில் எண்ணெய் வைத்தாலோ, ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாலோ அலறுவாள். "வேண்டாம்டா, பாட்டிக்கு ஊத்தின மாதிரி எனக்கும் ஊத்திராதீங்க" என்று கையெடுத்துக் கும்பிடுவாள். புத்தி பேதலித்து ஏதோ உளறுகிறாள் என்று நினைத்தோம். நானும் என் மனைவியும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு ஊற்றியிருக்கிறோம். சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அன்பில்தான்!

வந்த முதல் வாரத்திலேயே அந்த அம்மாள் எங்களைத் தடுத்தார்.

"தலைக்கு ஊத்தாதீக சார். கால்ல இருந்து ஆரம்பிப்போம். துண்டைப் போர்த்திக்கிட்டு, வெந்நீர்ல துணிய நனைச்சுக் கொஞ்சம் கொஞ்சமாத் துடைப்போம். தலைய ஈரத்துணியால கடைசியில பாத்துக்கலாம்" என்றார். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆச்சிக்குப் பிறந்த ஊரு எது?" என்று கேட்டார். சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "எங்க ஊரும் அந்தப் பக்கந்தான் சார். சின்னப் பிள்ளையில எதையோ பாத்திருக்காக" என்றார்.

விருதுநகர் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். படுக்கையில் விழுந்துவிட்ட முதியவருக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அத்தோடு அவர் ஆயுளை முடித்துவிடும் வழக்கம் ஒன்று இந்தச் சீமையில் இருந்து வந்திருக்கிறது. தலைக்கூத்தல் என்று அதற்குப் பெயர். 2010-ல் பத்திரிகைகளில் இது பெரிதாக அடிபட்டது. வீட்டார் தனக்கு நாள் குறிப்பதைக் கேட்டுவிட்டு ஒரு முதியவர் வீட்டை விட்டு ஓடிப்போன செய்தியும் அப்போது வந்தது. 2018-ம் வருஷத்துத் தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 'பாரம்' இதைப் பற்றியது. 2023-ல் 'தலைக்கூத்தல்' என்ற பெயரிலேயே ஒரு படமும் வந்தது.

இந்த நோயில் நேற்றுச் சாப்பிட்டது முதலில் மறக்கும். பிள்ளைப் பருவத்தில் பார்த்தது கடைசியில்தான் மறக்கும். எல்லாம் அழிந்துபோன பெரியம்மாவின் மூளையில், அவள் பாட்டிக்கு ஊற்றிய தண்ணீர் மட்டும் அழியாமல் நின்றிருக்கிறது. அது நிச்சயம்தானா என்று அவளைக் கேட்டு அறிய வழியில்லை. அந்த ஊரில் எஞ்சியிருந்த ஓர் உறவினரிடம் கேட்டேன். அவர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இப்போது அந்தக் கூட்டத்துப் பெரியவரிடம் கேட்கிறேன். ஐயா, தலைக்கு ஊற்ற நாள் பார்த்தவர்கள் யார்? பெற்ற பிள்ளைகள். உடன் நின்றவர்கள் யார்? உற்றார், உறவினர். அவர்களுக்கு அன்பு இல்லையா? இருந்திருக்கும், ஊற்றிவிட்டு அழுதும் இருப்பார்கள். அன்பு இருந்தும் அது நடந்திருக்கிறது. கொலையை நான் நியாயப்படுத்தவில்லை, கொலை கொலைதான். ஆனால் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சோறு இல்லை என்ற வீட்டில், ஆறு மாதம், ஒரு வருஷம் என்று படுக்கையருகே இருப்பது யார்? அதற்கு விடை இல்லாத இடத்தில்தான் அந்தத் தண்ணீர் காய்ச்சப்பட்டது. தெரிந்த கை ஒன்று வந்து மாற்றிவிட வழி இருந்திருந்தால் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள்! 2007-ல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. மூத்த குடிமக்களைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்று அது சொல்கிறது. நல்லது. ஆனால் சிறை என்று பயமுறுத்தினால் புரட்டிப் படுக்க வைக்கத் தெரிந்துவிடுமா?

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏஜென்சிக்கு நான் மாதம் 18,000 ரூபாய் கொடுத்தேன். அந்த அம்மாள் கைக்குப் போனது 11,000. இரவும் பகலும் எங்கள் வீட்டில்தான். ஐந்தாம் மாதம் அவர் என்னிடம் வந்து, மாதத்தில் 4 நாள் விடுமுறையும், 2,000 ரூபாய் கூடுதலும் கேட்டார். முதுகு வலி என்றார். அவருடைய தாயாரும் படுத்த படுக்கை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அவங்களை யார் பார்த்துக்கிறாங்க?"

"எட்டாப்புப் படிக்கிற மக சார். வாரத்துல ரெண்டு மூணு நாள் பள்ளிக்கூடம் போகாம இருந்துக்கிறா."

என் பெரியம்மாவை 18,000 ரூபாய்க்குப் பார்த்துக்கொள்ள முடிந்ததென்றால், மிச்சத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது அந்தப் பெண் குழந்தையின் பள்ளிக்கூடம். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. "இதெல்லாம் ஒரு சேவை மாதிரி நெனைச்சுச் செய்யணும்மா" என்றேன். ஆம், நான்தான் சொன்னேன். இருபது வருஷமாக ஏழைகளைப் பற்றிக் கதை எழுதி மாலை வாங்கிக்கொண்டவன் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மாதக் கடைசியில் போய்விட்டார்.

அதன் பிறகு பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டது மறுபடியும் நாங்கள்தான். என் அன்பில் குறை இல்லை என்று சத்தியம் செய்வேன். ராத்திரி அலாரம் வைப்பேன். எழுந்து அணைத்துவிட்டுத் தூங்கிப்போவேன். மூன்றாம் வாரம் முதுகெலும்பின் அடியில் ஓர் இடம் சிவந்திருந்தது. சூடு என்று நினைத்துப் பவுடர் போட்டேன். அடுத்த வாரம் தோல் பிரிந்தது. அதற்கடுத்து எலும்பு தெரிந்தது. பெரியம்மா அந்தப் புண்ணோடுதான் போனாள்.

அன்பு இருந்தது. புண் வந்தது. இதற்கு மேல் அந்தப் பெரியவருக்குச் சொல்ல என்னிடம் வேறு வாதம் இல்லை. என்றாலும், எதிர்க்கட்சியார் சொல்வதையும் கேட்டுவிடுவோம்.

"அடிக்கிற ஆயாக்கள் இல்லையா? திருடுகிறவர்கள் இல்லையா?" இருக்கிறார்கள். மறுக்கவில்லை. பேசத் தெரியாத நோயாளியை அடிக்கும் கையை மன்னிக்கவும் முடியாது. ஆனால் அதைத் தடுக்கும் வழி என்ன? நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்ய 1926-லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் வந்துவிட்டது. 1947-ல் அகில இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம் வந்தது. ஆகவே நர்ஸுக்குப் படிப்பு உண்டு, பரீட்சை உண்டு, பதிவேட்டில் பெயர் உண்டு. தப்புச் செய்தால் பெயரை அடிக்கலாம். உதவியாளருக்கு என்ன உண்டு? 'ஜெனரல் டியூட்டி அஸிஸ்டென்ட்' என்று ஒரு பயிற்சி இருக்கிறது, சான்றிதழ் தருகிறார்கள். அது இல்லாதவரையும் நாளைக் காலையே உங்கள் தாயாரின் கட்டிலருகே நிறுத்தலாம். அது இருக்கிறவருக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்காமலும் இருக்கலாம். கற்றவருக்கும் கல்லாதவருக்கும் ஒரே கூலி கொடுத்துவிட்டு, நல்ல ஆள் கிடைக்கவில்லையே என்று அலுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

வெளி தேசங்களில் செய்திருப்பதைப் பாருங்கள். அமெரிக்காவில் 1987-ல் இயற்றிய சட்டம், முதியோர் மருத்துவ இல்லங்களின் உதவியாளர்களுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியும் தேர்ச்சியும் வேண்டும் என்றது. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு ஆஸ்பத்திரியில் நோயாளிகள் அவதிப்பட்டதைப் பற்றிய விசாரணை அறிக்கை 2013-ல் வந்து நாட்டையே உலுக்கியது. அதே வருஷம் கமிலா காவென்டிஷ் என்ற அம்மையார் அரசாங்கத்துக்காக உதவியாளர்களின் நிலையை ஆராய்ந்தார். நர்ஸாகப் பதிவு பெறாத 13 லட்சம் பேர்தான் நோயாளிகளைத் தொட்டுச் செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் செய்கிறார்கள் என்று எழுதினார். 2015-ல் புதிதாகச் சேரும் உதவியாளர்களுக்கென்று ஒரு பொதுப் பயிற்சிச் சான்று அங்கே வந்தது. ஜப்பானில் 2000-ல் முதியோர் பராமரிப்புக்கென்றே காப்பீடு தொடங்கினார்கள். 40 வயதிலிருந்தே எல்லோரும் அதற்குப் பணம் கட்டுகிறார்கள். 2004-ல் அந்த நோய்க்கு வழங்கிவந்த இழிவான பெயரை அரசாங்கமே மாற்றி வேறு பெயர் வைத்தது. அங்கெல்லாம் தேனும் பாலும் ஓடுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் இந்த வேலைக்குக் கூலி குறைவு என்ற முறையீடு உண்டு. ஆனால் இது வேலை என்பதையாவது ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

"18,000-த்துக்கே நாங்கள் தள்ளாடுகிறோம், இன்னும் கொடு என்றால் எங்கே போவது?" என்று கேட்பீர்கள். இது நேர்மையான கேள்வி. நடுத்தரக் குடும்பம் ஒன்று தனியாகச் சுமக்கக்கூடிய சுமை அல்ல இது. கூலி வேலை செய்பவரைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆகவேதான் அரசாங்கம் தோள் கொடுக்க வேண்டும் என்கிறேன். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. படுத்த நோயாளிகளைப் பார்க்கவும் ஆள் வருகிறது. நல்ல ஏற்பாடு. மனமாரப் பாராட்டுகிறேன். வந்தவர் திரும்பிப் போன பிறகும் ராத்திரி இருக்கிறதே! இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்ட வேண்டிய ராத்திரி! அதற்கும் ஆள் வேண்டும். வீட்டார் நாலு நாள் மூச்சுவிட, நோயாளியைக் கொண்டுபோய் விடுவதற்கு ஊருக்கு ஓர் இடம் வேண்டும். விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. டாக்டர்களை உண்டாக்கும் மாவட்டம் அந்த டாக்டர் போன பிறகு கட்டிலருகே இருப்பவரையும் உண்டாக்கக் கூடாதா?

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி என்று ஒரு ஊர். காயத்துக்குக் கட்டும் பாண்டேஜ் துணி நெய்வதில் பேர்பெற்றது. வடக்கே எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவருக்குக் கட்டுப் போடும் துணி, எங்கள் ஊர்த் தறியில் ஓடியதாக இருக்கும். அந்தத் துணிக்கு விலை உண்டு, அளவு உண்டு, தரம் உண்டு. தரம் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். துணியைச் சுற்றிக் கட்டும் கைக்கு மட்டும் விலையும் இல்லை, அளவும் இல்லை, தரமும் இல்லை. 'சேவை' என்ற ஒரு வார்த்தை இருக்கிறது.

என் ஜாதியான எழுத்தாளர்களுக்கும் ஒரு வார்த்தை. நாம் எழுதிய ஆஸ்பத்திரிக் காட்சிகளை நினைத்துப் பாருங்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நர்ஸ் வெள்ளைப் புறாவைப் போல வருவாள். ஆயா? வாசலில் நின்று பத்து ரூபாய் கேட்பாள். என் இரண்டாவது நாவலில் நானும் அப்படி ஓர் ஆயாவை நிறுத்தியிருக்கிறேன். வாசகர்கள் ரசித்துச் சிரித்ததாக எழுதினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கை நீட்டிக் காசு வாங்கும் வழக்கம் இருப்பது வாஸ்தவம். அவள் ஏன் கை நீட்டுகிறாள், மாதக் கடைசியில் அவள் கையில் என்ன விழுகிறது என்று கேட்க அந்த நாவலில் எனக்கு ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை. 320 பக்க நாவல்.

பெரியம்மாவின் காரியங்களெல்லாம் முடிந்த பிறகு அந்த அம்மாளைத் தேடிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ஊருக்கு வெளியே ஒரே அறை கொண்ட வீடு. உள்ளே அவருடைய தாயார் படுத்திருந்தார். மகள் தலைமாட்டில் உட்கார்ந்து பாடப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். செய்தியைச் சொன்னேன். எனக்கு ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"புண்ணு எந்த எடத்துல சார் வந்துச்சு?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அங்கதான் முதல்ல வரும்" என்றார். "செவந்தப்பவே ஒரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேனே சார்."

அவ்வளவுதான். எனக்கு அவரைக் கூப்பிடத் தோன்றவில்லை. போன இடத்தில் வேறு யாருடைய வேலையாளோ ஆகிவிட்டவரை எப்படிக் கூப்பிடுவது என்று இருந்துவிட்டேன். விலைக்கு வாங்கிய கையைத்தான் எனக்குத் தெரியும். கையோடு வந்த அறிவை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒரு கட்டில் இருக்கலாம். கட்டிலருகே கூலிக்கு வந்த ஒருவரும் இருக்கலாம். அவருடைய பெயரைக் கேளுங்கள். உட்கார ஒரு நாற்காலி போடுங்கள். அவருக்குத் தெரிந்ததை அவரிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த ஒரு நாள் ராத்திரி நீங்கள் அலாரம் வைத்துப் பாருங்கள். மறுநாள் காலையில் அவர் கூலியைக் கூட்டிக் கேட்டால், அது அதிகமா குறைச்சலா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். உங்களால் கொடுக்க முடியவில்லையென்றால், ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் அதைக் கேளுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் மறுபடியும் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகத்தான் போகிறேன். கூலிக்கு அன்பு கிடைக்குமா என்று அங்கே யாராவது மறுபடி கேட்டால், கூலியைச் சரியாகக் கொடுத்துவிட்டு அப்புறம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள் என்று தலைவர் நாற்காலியிலிருந்தே எழுந்து சொல்வதாக இருக்கிறேன். இந்தத் தடவை எவரும் கைதட்டாவிட்டாலும் பாதகமில்லை.